விளக்கு இருக்கட்டும், அங்கே ஏறியது எப்படி?

கலங்கரை விளக்கப் படம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பலரும் உச்சியைத்தான் பார்ப்பார்கள். எனக்குக் கண் அடிப்பாகத்துக்குப் போய்விடும். படிகள் இருக்கின்றனவா, சுவரில் பதித்த பித்தளைக் கம்பிகள் தெரிகின்றனவா, பாறை ஓரத்தில் கிரேன் ஏதும் நிற்கிறதா, படகு வந்தால் எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். படகில் கால் வைத்தாலே வயிற்றைப் பிரட்டும் ஆள் நான். அதனாலோ என்னவோ, சுற்றிலும் கடல் கொந்தளிக்கும் ஒரு பாறையில் முதல் ஆள் எப்படிக் காலை ஊன்றினான் என்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் படத்தை விட்டு நகர முடிவதில்லை.

இது வெறும் பித்து என்று முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க, கரடுமுரடான கடலோரங்களில் நிற்கும் விளக்குகளின் கதையே இதுதான் என்று தோன்றிவிட்டது. ஒளியைப் பெருக்கும் வேலையை நகரத்துக்குள் உட்கார்ந்தே செய்ய முடிந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் தன் வளையக் கண்ணாடி லென்ஸைப் பாரிஸில் இருந்துகொண்டு வடிவமைத்தார். 1823இல் பிரான்சின் கோர்துவான் கோபுரத்தில் அதை ஏற்றினார்கள். ஆனால் படகுக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் அந்த இரண்டு முழ இடைவெளியை எந்தக் கணக்கும் தீர்த்துவைக்கவில்லை. கட்டுவது, எண்ணெய் கொண்டுபோவது, ஆள் மாற்றுவது, நோயாளியைக் கரைசேர்ப்பது என்று எல்லாமே அந்த ஒரு எட்டில்தான் மாட்டிக்கொண்டு நின்றன.

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் எடிஸ்டோன் பாறையிலிருந்து தொடங்குவதுதான் முறை. 1698இல் ஹென்றி வின்ஸ்டன்லி அங்கே மரக்கோபுரம் கட்டி மெழுகுவத்தி ஏற்றினார். நடுவில் ஒருமுறை பிரெஞ்சுக் கடற்கொள்ளைக் கப்பல் அவரையே பிடித்துக்கொண்டு போனது. பதினான்காம் லூயி அரசர் விடுவிக்கச் சொன்னதால் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். 1703 நவம்பர் பெரும்புயல் அடித்த இரவு அவர் கோபுரத்துக்குள்ளேயே இருந்தார். விடிந்தபோது கோபுரமும் இல்லை, அவரும் இல்லை. அடுத்து வந்த ரட்யர்டின் மரக்கோபுரம் 1755இல் தீப்பிடித்து எரிந்தது. மூன்றாவதாக ஜான் ஸ்மீட்டன் கருங்கல்லில் கட்டினார். ஒரு கல்லின் நாக்கு அடுத்த கல்லின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும்படி செதுக்கி, தண்ணீருக்கு அடியிலும் இறுகும் சுண்ணாம்பைப் பூசி அடுக்கியது. 1759இல் விளக்கேற்றினார்கள். நூறு வருடத்துக்கு மேல் கோபுரம் அசையவில்லை. அடியில் இருந்த பாறையைத்தான் கடல் அரித்துவிட்டது. அப்புறம் பக்கத்துப் பாறையில் 1882இல் புதுக் கோபுரம் எழும்பியது. பழையதன் மேல்பகுதியைக் கழற்றிக் கொண்டுவந்து பிளிமத் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். அடிக்கட்டை இன்னும் கடலில்தான் நிற்கிறது.

ஸ்மீட்டனின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கற்கள் ஒவ்வொன்றையும் ஆடும் படகிலிருந்து பாறைக்கு மாற்றியவர்களின் பெயரை யார் சொல்கிறார்கள்?

சில இடங்களில் தற்செயலாக ஒரு பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் அர்ப்ரோத் ஊருக்கு வெளியே, கடலுக்குள் சுமார் 18 கிலோமீட்டரில் பெல் ராக் என்று ஒரு பாறைத்திட்டு. கடல் ஏறும்போது ஆள் உயரத்துக்கும் மேல் மூழ்கிவிடும். வற்றும்போது சில மணி நேரம் தலைகாட்டும். 1807இல் ராபர்ட் ஸ்டீவன்சன் இங்கே வேலையைத் தொடங்கினார். கருமான் தண்ணீரில் நின்றபடி உலையை ஊதுவார். ஏறிவரும் கடல் நெருப்பை அணைக்கும்வரை உளி கூர்தீட்டுவார். பிறகு எல்லோரும் படகேற வேண்டும். அந்தச் செப்டம்பர் மாதம் ஒருநாள், ஆட்களைக் கொண்டுவந்த கப்பல் நங்கூரத்தை விட்டு நழுவிக் காற்றோடு போய்விட்டது. (அந்தக் கப்பலுக்கு ஸ்மீட்டன் என்றுதான் பெயர். பெரியவருக்கு மரியாதை செய்யப்போய் இப்படியாகிவிட்டது.) பாறையில் 32 பேர். இருந்த இரண்டு படகுகளில் அத்தனை பேருக்கும் இடமில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.

நடந்ததை ஸ்டீவன்சனே எழுதிவைத்திருக்கிறார். வேலையாட்கள் உளிகளைக் கீழே வைத்துவிட்டுப் படகுகளை நோக்கி நடந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. என்ன செய்யலாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்; நாக்கு ஒட்டிக்கொண்டு சொல்லே வரவில்லை. பாறைக் குழியில் தேங்கியிருந்த கடல்தண்ணீரை அள்ளி வாயை நனைத்துக்கொண்டு நிமிர்கிறார், யாரோ "படகு! படகு!" என்று கத்துகிறார்கள். அர்ப்ரோத்திலிருந்து கடிதங்களைக் கொண்டுவந்த படகு அது. ஓட்டிவந்தவர் ஜேம்ஸ் ஸ்பிங்க். அவர் அன்று கிளம்பாமல் இருந்திருந்தால் பெல் ராக் கோபுரம் அந்தப் பருவத்தோடு முடிந்திருக்கும். 1811 பிப்ரவரியில் விளக்கேற்றினார்கள். இன்றுவரை எரிகிறது.

பெல் ராக்கில் வேலை நேரம் குறைவு என்று நினைத்தால், பிரான்சின் பிரித்தானி முனையில் இருக்கும் ஆர்மெனைப் பார்க்க வேண்டும். சேன் தீவுக்கு மேற்கே கடலுக்குள் நீண்டு போகும் பாறை வரிசையின் கடைக்கோடி அது. கடல் மிகவும் வற்றும் நாட்களில்கூட ஒன்றரை மீட்டர் அளவுக்குத்தான் வெளியே தெரியும். பொறியாளர்கள் வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டார்கள். அங்கே போய் இறங்குவதற்கு சேன் தீவு மீனவர்களைவிட்டால் வேறு ஆள் இல்லை. அந்த நீரோட்டத்தைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.

1867இல் வேலை தொடங்கியது. படகு பாறையை நெருங்கும். தக்கைக் கச்சை கட்டிய இரண்டு பேர் தாவி விழுந்து பாறையோடு படுத்துக்கொள்வார்கள். ஒரு கை பாறையைப் பிடித்திருக்கும், மறு கை துளையிடும் உளியையோ சுத்தியலையோ பிடித்திருக்கும். ஒருவர் அலையையே பார்த்துக்கொண்டிருந்து கத்துவார். உடனே எல்லோரும் முகத்தைப் பாறையில் பதித்துக்கொள்ள வேண்டும், அலை மேலேறிப் போகும். பிடி தவறியவரை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போக, பின்னால் காத்திருக்கும் படகு போய் அள்ளிக்கொண்டு வரும். அவர் திரும்பவும் வந்து படுத்துக்கொண்டு துளையைத் தொடர்வார். அந்த வருடம் முழுவதும் ஏழு முறைதான் பாறையில் இறங்க முடிந்தது. மொத்த வேலை நேரம் 8 மணி. அடுத்த வருடம் பதினாறு முறை, 18 மணி நேரம். அதாவது இரண்டு வருடத்தில் ஒரு நாளும் இரண்டு மணி நேரமும்! அந்தத் துளைகளில் இரும்புக் கம்பிகளை நட்டு, அவற்றைச் சுற்றிக் கல் வைத்துக் கட்டி, கோபுரத்தில் விளக்கு எரிந்தபோது வருடம் 1881.

கட்டி முடித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கலாம். தீரவில்லை. அதே இரண்டு முழ இடைவெளியை அடுத்த நூறு வருடத்துக்குக் காவலர்கள் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்மெனுக்கு அவர்கள் வைத்த பெயர் 'நரகங்களின் நரகம்'. ஆள் மாற்றும் நாளன்று சேனிலிருந்து படகு வரும். கட்டமுடியாது, கட்டினால் ஒரே அலையில் சுவரில் மோதி நொறுங்கிவிடும். கோபுரத்திலிருந்து ஒரு கயிறு படகுக்கு வரும். அதன் முனையில் உட்காருவதற்கு ஒரு கட்டை. அதில் காலைப் போட்டு உட்கார்ந்து, கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவர்கள் கயிறு இழுக்கும் உருளையைக் கையால் சுற்ற, ஆள் கிணற்று வாளியாக மேலே போவார். படகு அலையோடு உயர்ந்தால் கயிறு தொய்ந்து அவர் தண்ணீரில் முங்குவார். படகு தாழ்ந்தால் கயிறு வெடுக்கென்று இழுபடும். என்ஜினை முன்னும் பின்னும் தட்டித் தட்டிப் படகை அதே இடத்தில் வைத்திருப்பவரின் கையில்தான் அவர் உயிர். ரொட்டி, எண்ணெய், கடிதம், அடுத்த காவலர் எல்லாம் இந்த வழியாகத்தான் போயின. 1990இல் விளக்கைத் தானியங்கியாக்கும்வரை ஆர்மெனில் ஆட்கள் இருந்தார்கள்.

கடல் அனுமதிக்காவிட்டால் படகு வராது. அவ்வளவுதான். சிலியின் தென்கோடியில், மகெல்லன் நீரிணையின் மேற்கு வாயிலில், எவாஞ்ஜெலிஸ்தாஸ் என்ற தீவுக்கூட்டத்தில் 1896இல் ஜார்ஜ் ஸ்லைட் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் விளக்கு அமைத்தார். அதற்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல் நல்ல வானிலைக்காக ஒதுங்கிக் காத்திருந்த இடத்துக்கு 'நாற்பது நாள்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பெயர் வைத்தவர்களின் எரிச்சல் அப்படியே காதில் கேட்கிறது.

வேல்ஸ் கரைக்கு அப்பால் ஸ்மால்ஸ் பாறையில் மரக்கால்கள்மேல் ஒரு குடிசை மாதிரி நின்ற விளக்கில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டே காவலர்கள். ஒருவர் இறந்துபோனார். உடலைக் கடலில் விட்டால் தான்தான் கொன்றதாகச் சொல்வார்களோ என்று பயந்த மற்றவர், பலகையில் பெட்டி அடித்து உடலை அதில் வைத்து வெளியே கட்டிவைத்தார். வாரக்கணக்கில் படகு நெருங்க முடியவில்லை. விளக்கு மட்டும் ஒரு நாளும் அணையவில்லையாம். அதன்பிறகு இப்படிப்பட்ட இடங்களில் மூன்று பேரை வைக்கும் வழக்கம் வந்தது.

மூன்று பேர் என்றதும் பிளானன் தீவுகள் ஞாபகத்துக்கு வராமல் போகாது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, 1899 டிசம்பரில் ஏற்றிய விளக்கு. மறு டிசம்பரில் மூன்று காவலர்களையும் காணவில்லை. இதைப் பேய்க்கதையாகச் சொல்லும் வீடியோக்களுக்குக் கணக்கில்லை. பாதி சாப்பிட்ட சாப்பாடு, கவிழ்ந்து கிடந்த நாற்காலி என்றெல்லாம் சொல்வார்கள். அவை 1912இல் வந்த ஒரு கவிதையிலிருந்து ஒட்டிக்கொண்டவை. எனக்கு அந்தக் கதைகள்மேல் கொஞ்சம் கோபமே உண்டு. விசாரணைக்குப் போன கண்காணிப்பாளர் மியூர்ஹெட் எழுதிய அறிக்கை அதைவிடப் பயங்கரம். அதில் பேய் எதுவும் இல்லை.

அந்தத் தீவில் இறங்கும் இடம் இரண்டு, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. கிழக்கில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. மேற்கில் இரும்புக் கைப்பிடிகள் வளைந்து கிடந்தன, ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கல் இடம் பெயர்ந்திருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 33 மீட்டர் உயரத்தில் ஒரு பிளவுக்குள் கயிறுகள் வைக்கும் பெட்டி இருந்தது. அதைக் காணவில்லை, கயிறுகள் கீழே கிரேனில் சிக்கிக் கிடந்தன. அறைக்குள் ஒருவருடைய மழைக்கோட்டு மாட்டியபடியே இருந்தது. குறிப்புகள் டிசம்பர் 15 காலை ஒன்பது மணியோடு நின்றிருந்தன. அன்று மதியத்துக்குமேல் மேற்குத்துறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவைக்கப் பார்த்திருக்கிறார்கள், பெரிய அலை ஒன்று வந்து வாரிக்கொண்டு போயிருக்கிறது என்பது மியூர்ஹெட்டின் முடிவு. அந்தக் கயிறும் கிரேனும் போனால் அடுத்த படகிலிருந்து எதையும் ஏற்ற முடியாது. அதைக் காப்பாற்றப் போனவர்கள் அவர்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். டிசம்பர் 20ஆம் தேதி வாக்கில் வந்திருக்க வேண்டிய மாற்றுப் படகும் கடல் மோசமாக இருந்ததால் 26ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் ஓரிகன் கரையில் டில்லமூக் பாறை தன் முதல் பலியை வேலை தொடங்குவதற்கு முன்பே வாங்கிவிட்டது. 1879 செப்டம்பரில் அளவெடுக்க வந்த ஜான் டிரெவாவஸ், இங்கிலாந்தின் வுல்ஃப் ராக் கோபுரத்தில் வேலை பார்த்த அனுபவசாலி. படகிலிருந்து பாறைக்குத் தாவும்போது வழுக்கி விழுந்தவர்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அவருக்குப் பதில் வந்த மேற்பார்வையாளர் செய்தது எனக்குச் சிரிப்பையும் வருத்தத்தையும் சேர்த்துத் தருகிறது: உள்ளூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டால் கூலியாட்கள் ஓடிவிடுவார்கள் என்று, அவர்களை ஊருக்குள் விடாமல் தனியாக ஓரிடத்தில் தங்கவைத்தார். அப்புறம் கப்பலுக்கும் பாறைக்கும் நடுவே வடம் கட்டி, மிதவை வளையத்தில் கால்சட்டையைத் தைத்து, அதற்குள் ஒவ்வொருவராக உட்காரவைத்து இழுத்தார். கப்பல் ஆட ஆட வடம் தொய்யும். போனவர்கள் தொப்பலாக நனைந்துதான் போய்ச்சேர்ந்தார்கள். பாறையின் தலையை ஒன்பது மீட்டர் அளவுக்கு வெடிவைத்து எடுத்துவிட்டுத்தான் கட்டடத்துக்குத் தளமே கிடைத்தது. மொத்தம் 575 நாள். விளக்கு 1881 ஜனவரி 21 அன்று எரிந்தது. அதற்குச் சில வாரம் முன்பு லுபேஷியா என்ற கப்பல் இருட்டில் அந்தப் பாறையை உரசும் தூரத்தில் வந்தது. வேலையாட்கள் அதிலிருந்தவர்களின் குரலைக் கேட்டு லாந்தர்களை ஏற்றிக் காட்டினார்கள். கப்பல் விலகிப் போனது, ஆனால் கரையில் மோதி 16 பேரும் இறந்தார்கள். பிழைத்தது ஒரு நாய் மட்டும்.

ஏறுவதையே வேலையாகக் கொண்டவர்களைக் கூட்டிவந்தது ஐஸ்லாந்தில் நடந்தது. வெஸ்ட்மான் தீவுகளுக்குப் பக்கத்தில், கடலிலிருந்து செங்குத்தாக நிற்கும் திரீட்ராங்கர் பாறைத் தூண்களில் ஒன்றின் உச்சியில் 1930களின் கடைசியில் ஒரு சிறிய விளக்கறை கட்டினார்கள். அப்போது ஹெலிகாப்டர் கிடையாது. மலையேறத் தெரிந்த சிலர் பாறையில் இரும்பு அடித்துச் சங்கிலி கட்டிக்கொண்டே ஏறினார்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பிடிக்க ஒன்றுமே இல்லை. ஒருவர் மண்டியிட, அவர் முதுகில் ஒருவர் நிற்க, அவர்மேல் மூன்றாமவர் ஏறி விளிம்பை எட்டிப்பிடித்தார். கீழே முப்பது மீட்டருக்கு மேல் வெறும் காற்று, அதற்குக் கீழே கடல். இப்போது அங்கே ஒரு ஹெலிகாப்டர் மேடை இருக்கிறது. இணையத்தில் 'உலகின் தனிமையான வீடு' என்று போட்டுப் பகிர்கிறார்கள். அங்கே யாரும் குடியிருந்ததே இல்லை.

இணையத்தில் பகிரப்படும் இன்னொரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரித்தானிக் கரையின் லா ஜுமான் கோபுரத்தைப் பின்னாலிருந்து ஒரு பேரலை கட்டிப்பிடிக்க, முன்பக்கக் கதவில் ஒருவர் நிற்பார். 1989 டிசம்பரில் ழான் கிஷார் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. எல்லோரும் அந்தக் காவலரின் தைரியத்தைப் பாராட்டுகிறார்கள். விஷயம் வேறு. புயலில் உள்ளே தண்ணீர் புகுந்திருக்க, அவர் தங்களைக் கொண்டுபோக வரும் ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்தார். சத்தம் கேட்டதும் வந்துவிட்டார்கள் என்று கதவைத் திறந்தார். வந்தது புகைப்படக்காரர். பின்னால் எழும் அலையைப் புரிந்துகொண்டு கதவைச் சாத்த அவருக்கு ஒரு நொடிதான் இருந்தது, சாத்திவிட்டார், பிழைத்தார். சுவர்களில் மாட்டப்பட்ட அந்தப் படம், போக்குவரத்து கிடைக்காத ஒருவரின் படம்.

ஹெலிகாப்டர்தான் கடைசியில் அந்த இடைவெளியை மூடியது. 1970களின் தொடக்கத்தில் வுல்ஃப் ராக் கோபுரத்தின் தலையில், விளக்குக்கு மேலேயே, இரும்பு மேடை ஒன்றைப் பொருத்தினார்கள். பார்க்க அழகாக இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. கயிற்றில் ஒரே ஒரு தடவை தொங்கியிருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் மனிதர்களை நனையாமல் கொண்டுபோக வழி கிடைத்த கொஞ்ச காலத்திலேயே மனிதர்களே தேவைப்படாமல் போனார்கள். எடிஸ்டோன் 1982இல் தானியங்கியானது. ஸ்காட்லாந்தின் கடைசிக் காவலர்கள் 1998இல் ஃபேர் ஐல் தீவை விட்டு இறங்கினார்கள்.

ஆளில்லாமல் விட்ட கோபுரங்களுக்கு வேறு வேறு தலையெழுத்து. டில்லமூக்கை 1957இல் மூடி, பிறகு தனியாருக்கு விற்றார்கள். 1980களில் அதை அஸ்திக் கலசங்கள் வைக்கும் இடமாக மாற்றினார்கள். இருந்தவர்களை அங்கே இறக்குவதே பெரும்பாடாக இருந்த பாறை அது, இறந்தவர்களுக்கு மட்டும் சுலபமா என்ன? கலசம் வைப்பதற்கான உரிமமும் 1999இல் போய்விட்டது.

கலிபோர்னியாவின் செயின்ட் ஜார்ஜ் ரீஃப் கோபுரம் 1865இல் பிரதர் ஜோனதன் என்ற கப்பல் மோதி இருநூறுக்கும் அதிகமானவர்கள் இறந்ததால் வந்தது. சுமார் பத்து வருடம் கட்டி, ஏழு லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து, 1892இல் விளக்கேற்றினார்கள். அங்கே ஆளோடு சேர்த்துப் படகையே கிரேனால் தூக்குவார்கள். 1951இல் அப்படி இறக்கிய படகு அலையில் சிக்கி மூன்று கடலோரக் காவல் படையினர் இறந்தார்கள். 1975இல் கோபுரத்தைக் கைவிட்டார்கள். இப்போது அதைப் பழுதுபார்க்கும் தன்னார்வலர்கள் படகை நம்புவதில்லை, ஹெலிகாப்டரில்தான் போகிறார்கள். அதுவும் எல்லா மாதமும் முடியாது. பாறையில் கடற்சிங்கங்கள் கூட்டமாகத் தங்கும் பருவத்தில் அவற்றைத் தொந்தரவு செய்ய அனுமதி இல்லை. அவற்றுக்கு ஏறி இறங்க ஏணியும் வேண்டாம், கிரேனும் வேண்டாம்.